காக்கும் பிரதியும் வெட்டும் பிரதியும்

சலனப்படம் எடுத்தல் ஒரு காலத்தில் பெரும்பொருள் படைத்தோர்க்கே இயலும் தொழிலாயிருந்தது. இற்றை நாளிலோ, கைக்குள் அடங்கும் தொலைபேசி ஒன்றுடைய மாணவர் எவரும் அதனைச் செய்ய வல்லராயினர். ஆத்தங்குடியில் கண்ணாடித் துண்டின்மேல் வண்ணக் குழம்பை வார்த்துத் தரைக்கல் செய்யும் கைவினைஞரையும், கானாடுகாத்தானில் முகப்பு முதற் பின்கட்டு வரை நீண்டு கிடக்கும் நகரத்தார் இல்லங்களையும் படம்பிடித்து வருவோர் நம்முட் பலர். ஆயின், பிடித்து வந்தவற்றைக் கணிப்பொறியில் ஏற்றி, வேண்டாதன நீக்கி வேண்டுவன கோத்து ஒரு படமாக்கப் புகும்போதே இடர் தோன்றுகிறது. தொலைபேசியில் நீரோட்டம்போல் ஓடிய படம், தொகுப்பு மேசைக்கு வந்ததும் தத்தித் தத்தி நடக்கிறது. சில வேளை நின்றே விடுகிறது. ஒலி முன்னே செல்ல, உருவம் பின்னே வருகிறது.

இதனைக் கண்டு, "எம் கணிப்பொறி பழையது" என்று சோர்ந்து அம்முயற்சியைக் கைவிடுவோர் ஒரு சாரார். மற்றொரு சாரார் இதனினும் கொடியது செய்வர். எடுத்த படத்தைச் சிறுத்த பிரதியாக மாற்றிக்கொண்டு, இடம் போதாது என்று மூலத்தை அழித்துவிடுவர். செட்டிநாட்டு இல்லங்கள் பல இடிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் விலைக்கு நிற்கும் இக்காலத்தில், ஓர் இல்லத்தைப் பற்றி எஞ்சுவது நாம் எடுத்த படம் ஒன்றேயாகவும் கூடும். ஆதலின், படம் ஏன் தத்துகிறது, தொகுத்தற்கு ஏற்ற பிரதியை எவ்வமைப்பிற் செய்துகொள்ளல் வேண்டும், மூலத்தை எவ்வாறு காத்தல் வேண்டும் என்னும் மூன்றனையும் தெளிந்து கொள்ளுதல் நமக்கு இன்றியமையாததாகும்.

இத்தொழில் செட்டிநாட்டிற்குப் புதிதன்று. காரைக்குடியிற் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார், 1940-களின் இடையில், காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் தமது படப்பிடிப்பு நிலையத்தை நடத்தினார். 1947-ஆம் ஆண்டில் வெளிவந்த 'நாம் இருவர்' என்னும் படம் அங்கே உருவாயிற்று. 1948-ஆம் ஆண்டில் அந்நிலையம் சென்னைக் கோடம்பாக்கத்திற்குப் பெயர்ந்தது. அக்காலத்துத் திரைப்படத் தொழிலில் யாண்டும் வழங்கிய ஒரு நெறியை அறிந்தால், இக்காலத்து இடர்க்கு வழி தானே புலப்படும்.

படப்பெட்டியிற் பதிவான சுருளுக்கு நெகடிவ் என்று பெயர். அதனை எவரும் தொட்டு வெட்டத் தொடங்குவதில்லை. ஆய்வுச்சாலையில் அதனின்றும் ஒரு பாசிடிவ் பிரதி எடுப்பர். அதனை ரஷ் பிரிண்ட் என்பர். தொகுப்பாளர் அந்த ரஷ் பிரிண்டையே வெட்டுவார், ஒட்டுவார், மூவியோலா என்னும் கருவியில் இட்டு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார், மெழுகுப் பென்சிலால் அதன்மேற் குறியிடுவார். அது கீறுண்டாலும் அழுக்குற்றாலும் கேடில்லை. நெகடிவ் பெட்டிக்குள் பத்திரமாயிருக்கும். 35 மில்லிமீட்டர்ச் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் உண்டு. சுருளின் ஓரத்தில் அடிதோறும் ஓர் எண் அச்சாகியிருக்கும். தொகுப்பு முற்றுப்பெற்ற பின், அவ்வெண்களை ஒப்பிட்டு நெகடிவை ஒரே ஒரு முறை வெட்டி இணைப்பர். அதனின்றும் கொட்டகைகளுக்கு உரிய பிரதிகளை எடுப்பர்.

ஆகவே, ஒரே படத்திற்கு மூன்று வடிவங்கள் இருந்தன: காத்தற்கு நெகடிவ், வெட்டுதற்கு ரஷ் பிரிண்ட், காட்டுதற்குக் கொட்டகைப் பிரதி. ஒன்றின் வேலையை மற்றொன்றின்மேல் ஏற்றவில்லை. இற்றை நாளில் நமக்கு நேரும் இடர்க்கெல்லாம் வேர், இம்மூன்று வேலையையும் தொலைபேசி தந்த ஒரே கோப்பின்மேல் ஏற்றுவதேயாம். அக்கோப்பு வெட்டுதற்கு ஏன் ஏலாதது என்பதை இனி ஆராய்வோம்.

படத்தின் எடையை முதற்கண் கணக்கிடுவோம். அகலத்தில் 1920 புள்ளியும் உயரத்தில் 1080 புள்ளியும் கொண்ட ஒரு நிலைப்படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளிக்குச் செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்கும் ஒவ்வொரு பைட்டாக மூன்று பைட் வேண்டும். எனவே ஒரு படத்திற்கு ஏறத்தாழ 62 இலட்சம் பைட். வினாடிக்கு 25 படமாயின், 155 மெகாபைட்டிற்கு மேலாகும். ஒரு மணிக்கு ஏறக்குறைய 560 கிகாபைட். இத்துணைப் பெருஞ்சுமையைத் தொலைபேசி தாங்காது. ஆதலின் அது படத்தைச் சுருக்கி எழுதுகிறது. சுருக்கி எழுதுதற்கும் விரித்துப் படித்தற்கும் உரிய முறையைக் கோடெக் என்பர். 2003-ஆம் ஆண்டில் ஏற்பட்ட எச்.264 என்பதும், 2013-ஆம் ஆண்டில் ஏற்பட்ட எச்.265 என்பதும் தொலைபேசிகளிற் பெருக வழங்கும் முறைகள். இவற்றால், ஒன்பது கிகாபைட்டிற்கு மேற்படும் ஒரு நிமிடப் படம், நூறு நூற்றைம்பது மெகாபைட்டிற்குள்ளும் அடங்கிவிடுகிறது.

இவ்வியப்பு எங்ஙனம் நிகழ்கிறது? அடுத்தடுத்த படங்களுக்குள் வேற்றுமை சிறிதே. கல் வார்ப்பவரின் கை மட்டும் அசைகிறது. பின்னுள்ள சுவரும் சாளரமும் அசைவதில்லை. ஆதலின் ஒரு படத்தை முழுமையாக எழுதிவிட்டு, அதன்பின் வருவனவற்றில் மாறியதை மட்டும் குறித்துச் செல்கிறது அம்முறை. முப்பது படங்கள் கொண்ட ஒரு தொகுதியில் முழுப்படம் ஒன்றேயாகவும், ஏனைய இருபத்தொன்பதும் பிறவற்றைச் சார்ந்தனவாகவும் இருத்தல் கூடும். அவற்றுள்ளும் சில முன்வந்த படத்தை மட்டும் சார்வன. வேறு சில முன்வந்ததையும் பின்வருவதையும் ஒருங்கே சார்வன.

தமிழ் பயில்வார்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். தண்டியலங்காரம் செய்யுளை வகுக்குமிடத்து முத்தகம், குளகம் என்னும் இரண்டனைக் கூறுகின்றது. முத்தகம் என்பது தனித்து நின்று தானே பொருள் முடியும் ஒற்றைச் செய்யுள். குளகம் என்பது பல செய்யுட்கள் ஒரு வினை கொண்டு முடிவது. முத்தகத்தைப் பிரித்தெடுத்து எவ்விடத்தும் படிக்கலாம். குளகத்தின் நடுவிலுள்ள செய்யுளை மட்டும் ஒருவர் படித்துப் பொருள் காணல் இயலாது. எழுவாய்க்காக முன்னும், முடிக்கும் வினைக்காகப் பின்னும் செல்லல் வேண்டும். தொலைபேசி எழுதும் படம் குளகம். முழுப்படங்களாலேயே ஆகிய கோப்பு முத்தகங்களின் தொகுதி.

இருந்து பார்ப்பவர்க்குக் குளகத்தால் இடரில்லை. அவர் தொடக்கம் முதல் இறுதி வரை ஒழுங்காகவே படித்துச் செல்கிறார். தொகுப்பாளர் அவ்வாறு படிப்பவரல்லர். அவர் நடுவில் நுழைவார்; பின்னோக்கி ஓட்டுவார்; ஒரு படம் முன்னே, ஒரு படம் பின்னே என்று நகர்த்துவார்; ஐந்து துண்டுகளை ஐந்து கோப்புகளினின்றும் எடுத்து அடுத்தடுத்து வைப்பார். இருபத்தேழாம் படத்தை அவர் கேட்டால், கணிப்பொறி முதற்படத்திற்குச் சென்று, இடையிலுள்ளவற்றை விரித்து, அதன்பின்னரே இருபத்தேழாவதைக் காட்டல் இயலும். பின்னோக்கி ஓட்டுங்காலோ, இத்துன்பம் படந்தோறும் நேரும். வினாடிக்கு 25 படமாயின், ஒரு படத்திற்குக் கிடைக்கும் காலம் 40 மில்லிவினாடியே. அதற்குள் விரித்தல், அளவு மாற்றல், நிறம் திருத்தல், திரையிற் காட்டல் ஆகிய அனைத்தும் முடிதல் வேண்டும். முடியாவிடின் அப்படம் விடுபடும்; நம் கண்ணுக்குப் படம் தத்தும்.

தத்துவதால் வருங்கேடு பொறுமை இழத்தல் மட்டுமன்று. ஆத்தங்குடிக் கைவினைஞர், நிறம் வார்த்து முடிந்ததும் அச்சை மெல்ல மேலே தூக்குகிறார். பூவின் உரு அப்பொழுதே வெளிப்படுகிறது. அக்கணத்திற்கு மூன்று படம் முன்னே வெட்டினால் அவ்வழகு பிறக்குமுன்னரே அழிந்துபோம். ஓட்டம் நேராயிருந்தாலன்றி அக்கணத்தைக் கண்ணால் அளந்து கொள்ளுதல் இயலாது. ஆதலின் சீரான ஓட்டம் தொகுப்பாளர்க்கு வசதி மாத்திரமன்று. அவரது தீர்ப்புக்கே அடிப்படையாம்.

இனி மருந்து கூறுமுன் நோய் நாடல் வேண்டும். தத்துதற்குக் காரணம் மூன்று: கோப்பைப் படிக்கும் வட்டு மெதுவாயிருத்தல், சுருக்கத்தை விரித்தல் கடினமாயிருத்தல், நாம் சேர்த்த நிறத்திருத்தமும் எழுத்தும் பிறவும் சுமையாயிருத்தல். ஒரு துண்டை யாதொரு திருத்தமும் இன்றி ஓட்டிப் பார்க்க. அது நன்றாக ஓடினால் குற்றம் திருத்தங்களினுடையது. அவற்றை அப்போதைக்கு நிறுத்தி வைக்கலாம். அதுவும் தத்தினால், கணிப்பொறியின் வேலைக்கணக்கைத் திறந்து நோக்குக. வட்டு முழுவேலையில் இருக்க, செயலி ஓய்ந்திருப்பின், குற்றம் வட்டினது. பென்டிரைவில் வைத்துத் தொகுப்பார்க்கு இது பெரிதும் நேரும். கோப்புகளைக் கணிப்பொறியின் உள்வட்டிற்கோ எஸ்.எஸ்.டி. வட்டிற்கோ மாற்றினால் தீரும். செயலி முழுவேலையில் இருப்பின், குற்றம் கோடெக்கினது. அதற்கே வெட்டும் பிரதி வேண்டும்.

வெட்டும் பிரதியைத் தொழிலார் பிராக்ஸி என்பர். பதிலி என்று நாம் கூறலாம். டாவின்சி ரிசால்வ், அடோபி பிரீமியர் புரோ, கேடென்லைவ், ஷாட்கட் ஆகிய மென்பொருள்கள் பதிலியைத் தாமே செய்துகொள்ளும் வசதி உடையன. இவற்றுள் பின்னிரண்டும் விலையின்றிக் கிடைப்பன. ரிசால்வுக்கும் விலையில்லாப் பதிப்பு ஒன்று உண்டு. எதனைப் பயன்படுத்தினும், தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகள் இவை.

முதலாவது, கோடெக். ஒவ்வொரு படமும் தனித்து முழுமையாய் எழுதப்படும் முறையைத் தெரிதல் வேண்டும். அஃதாவது முத்தக முறை. ஆப்பிள் நிறுவனத்தின் புரோரெஸ் பிராக்ஸி, அவிட் நிறுவனத்தின் டி.என்.எக்ஸ்.எச்.ஆர். எல்.பி. என்னும் இரண்டும் இவ்வேலைக்கென்றே ஆயவை. இவை கிட்டாவிடின், எச்.264 முறையிலேயே முழுப்படங்களுக்கு இடைப்பட்ட தொலைவை 1 என்று அமைத்தால், எல்லாப் படமும் முழுப்படமாகும். கோப்பு பருக்கும், ஆயினும் விரித்தல் எளிதாகும். செயலியின் சுமையைக் குறைத்து வட்டின் இடத்தைச் செலவிடுகிறோம் என்பதே இதன் கருத்து. கோப்பு சிறுத்தால் ஓட்டம் எளிதாகும் என்று எண்ணுவார் பலர். உண்மை பெரும்பாலும் இதற்கு மறுதலை; மிகச் சுருக்கப்பட்டதே விரித்தற்கு மிக அரியது.

இரண்டாவது, படத்தின் அளவு. முழு அளவில் புரோரெஸ் பிராக்ஸி செய்தால், 1920×1080 புள்ளியும் வினாடிக்கு 25 படமும் உள்ளதற்கு வினாடிக்கு 38 மெகாபிட், மணிக்கு 17 கிகாபைட் ஆகும். வெட்டுமிடம் காண இத்துணைத் தெளிவு வேண்டுவதில்லை. 960×540 என்று அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால், புள்ளிகள் நாலில் ஒரு பங்காகும்; கோப்பும் ஏறத்தாழ அவ்வளவிற் குறையும். 4-கே எனப்படும் 3840×2160 படத்திற்கோ, அது பதினாறில் ஒரு பங்கு. முகக்குறிப்பு நுணுகிக் காண வேண்டுமாயின் 1280×720 கொள்ளலாம். அகலத்திற்கும் உயரத்திற்கும் உள்ள விகிதம் மட்டும் மூலத்ததாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல் மூலத்திற்குத் திரும்புங்கால் உருவம் இடம் பெயர்ந்து தோன்றும்.

மூன்றாவது, படங்களின் வேகம். இதனை ஒருபோதும் மாற்றலாகாது. மூலம் 25 ஆயின் பதிலியும் 25. மூலம் 30 ஆயின் பதிலியும் 30. தொலைபேசியில் மற்றொரு நுட்பமும் உண்டு. வெளிச்சம் குறைந்த இடத்தில் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெளிச்சம் வந்தபின் கூட்டும். இம்மாறும் வேகத்தால் நீண்ட பதிவுகளில் உதடும் ஒலியும் பிரிந்து செல்லும். அவ்வகைக் கோப்பினின்று, தொகுப்புத் தொடங்குமுன், நிலையான வேகமும் முழு அளவும் உயர்ந்த தரமும் உள்ள பிரதியொன்று செய்து, அதனையே தொகுப்புக்கு மூலமாகக் கொள்ளல் நன்று. தொலைபேசி தந்த கோப்பை அப்பொழுதும் அழித்தல் ஆகாது. ஒலியும் உருவமும் ஒன்றுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு மெய்யப்பச் செட்டியாரின் வரலாற்றிலேயே சான்றுண்டு. 1945-ஆம் ஆண்டின் 'ஸ்ரீவள்ளி' படத்தில், குமாரி ருக்மணியின் பாடல்களுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரலைப் பின்னர் இணைத்தனர். முன்னரே அசைந்து பதிந்த உதட்டிற்கு வேறொருவர் குரல் பொருந்துதல், இரு சுருள்களும் ஒரே வேகத்தில் ஓடினாலன்றோ இயலும்?

நான்காவது, ஒலி. உருவத்தைச் சுருக்கினாலும் ஒலியைச் சுருக்கற்க. வினாடிக்கு 48,000 மாதிரி, 16 பிட், இரு தடம் என்னும் சுருக்கமில்லா அமைப்பிற்கு ஒரு மணிக்கு 0.7 கிகாபைட்டே ஆகும். சிறிய இச்செலவால், சொல்லின் இறுதியும் மூச்சின் தொடக்கமும் தெளிவாகக் கேட்டு வெட்டலாம்.

ஐந்தாவது, பெயரும் நேரக்குறியும். சுருளோரத்து எண்ணின் வேலையை இக்காலத்தில் கோப்பின் பெயரும் அதனுள் எழுதிய நேரக்குறியுமே செய்கின்றன. ஆதலின் பதிலி, மூலத்தின் பெயரையும் நேரக்குறியையும் உடையதாய், வேறோர் உறையில் இருத்தல் வேண்டும். தொகுப்பின் நடுவில் மூலங்களுக்குப் பெயர் மாற்றுவோர், எண்ணழிந்த நெகடிவை வைத்துக்கொண்டு திகைப்பாரை ஒப்பர்.

இங்ஙனம் அமைத்துத் தொகுத்து முடிந்தபின், பதிலியை விலக்கி மூலத்தைக் காட்டுமாறு மென்பொருளுக்கு ஆணையிடல் வேண்டும்; இதுவே நெகடிவை வெட்டும் சடங்கு. நிறத்திருத்தமும், கூர்மை நோக்குதலும், ஓரங்களைச் செதுக்குதலும் இதன்பின்னரே செய்யத்தக்கன. பதிலியிற் காணும் நிறத்தை நம்பித் திருத்துதல், மங்கிய விளக்கில் பட்டின் நிறம் தெரிவதை ஒக்கும். இறுதியில், காட்டுதற்குரிய பிரதியை எச்.264 முறையில் எழுதலாம். 1920×1080 அளவிற்கு வினாடிக்கு 8 முதல் 12 மெகாபிட் பெரும்பாலும் போதும். இங்கே குளகமே தகும். பார்ப்போர் வரிசையாகவே பார்ப்பராதலின்.

பதிலி எல்லார்க்கும் எப்பொழுதும் வேண்டும் என்பது கருத்தன்று. மூன்று நிமிடப் படத்திற்கு, வேகமான கணிப்பொறியில், இத்துணை முன்னேற்பாடு வீண். 8 பிட் எச்.264 படத்தை விரித்தற்கு உரிய தனிப்பகுதி கணிப்பொறிகள் பலவற்றில் உண்டு. மென்பொருளில் அதனை இயக்கினாலே சில இடர்கள் தீரும். 10 பிட்டும் 4:2:2 என்னும் நிற அமைப்பும் கூடிய படங்களுக்கு அவ்வுதவி பல கணிப்பொறிகளிற் கிட்டாது. காட்சிச் சாளரத்தைப் பாதித் தெளிவில் வைத்தலும் ஓரளவு உதவும். ஆயினும், குளகப் படத்தை முழுதும் விரித்த பின்னரே பெரும்பாலும் பாதியாக்குவராதலின், விரித்தற் சுமை அதனால் நீங்குவதில்லை. இவற்றைச் செய்து பார்த்தும் தத்தினால் பதிலிக்குச் செல்க. இரவில் அவ்வேலையைக் கணிப்பொறியிடம் விட்டுத் துயின்றால், காலையில் பதிலிகள் ஆயத்தமாயிருக்கும்.

முடிவாக, மூலத்தைப் பற்றி ஒரு சொல். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர் ஏட்டின்மேல் திருத்தி எழுதார். தாளிற் பெயர்த்தெழுதிய பிரதியின்மேலேயே பாடங்களை ஒப்பிட்டுக் குறிப்பர். ஏடு ஏடாகவே இருக்கும். பின்வருவார் ஒருவர் அதனைத் திரும்பவும் நோக்கி, முன்னோர் காணாத பாடத்தையும் காணலாம். நாம் எடுத்த படமும் அத்தகையதே. இன்று நாம் வேண்டாதென விலக்கிய பத்து நிமிடத்தில், இடிந்துபோன ஒரு முற்றத்தின் தூணழகோ, மறைந்த முதியவர் ஒருவரின் குரலோ இருக்கலாம். பதிலியை வேலை முடிந்ததும் அழிக்கலாம். வேண்டும்போது ஓர் இரவில் மீண்டும் செய்துகொள்ளலாம். மூலத்தை அழித்தால் செய்துகொள்ள வழியில்லை. ஆகவே, படமெடுத்து வந்த அன்றே, தொகுக்கத் தொடங்குமுன்னரே, மூலத்தை இரண்டு வட்டுகளில் படியெடுத்து, இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். அதன்பின் பதிலியை எடுத்துக்கொண்டு, வெட்டியும் ஒட்டியும், தவறியும் திருத்தியும், அச்சமின்றித் தொழில் பயிலலாம்.